சரிந்து ஓடிய கோச்சி

போன வருடம் மகளைப் பார்க்க யப்பானுக்குப் போயிருந்தேன். ஒக்கயாமா என்ற நகரத்தில் அவளும் மருமகனும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை, "அம்மா, இஞ்சை மலையளுக்குள்ளாலை ஒரு கோச்சி போகுது. ஐம்பது வருசமா ஓடுற இனம். இன்னும் கொஞ்ச நாளிலை நிப்பாட்டப் போயினமாம். ஒருக்கா ஏறிப் பாப்பமே?" என்று கேட்டாள். ரயிலைக் கோச்சி என்று சொல்லும் பழக்கம் யாழ்ப்பாணத்தை விட்டு அத்தனை தூரம் போன பிறகும் அவளுக்குப் போகவில்லை. எனக்கு அது சந்தோசம்.

ஸ்டேசனில் படம் பிடிப்பவர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். பென்சன் எடுத்துப் போகிற தலைமை ஆசிரியருக்குப் பிரியாவிடை நடத்துவது போல இருந்தது. மின்சாரத்தில் ஓடும் வண்டி. பாலாடை நிறம், யன்னலோரம் சிவப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கு வண்டியில் பெரிய அக்கறை இல்லை. கொண்டுபோன முறுக்கை அங்கே வெளிப்படையாகத் தின்னலாமா, மற்றவர்கள் முகம் சுளிப்பார்களா என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

சமவெளி முடிந்து ஆற்றோரமாக வளைவுகள் தொடங்கின. முதல் வளைவில் வண்டி உள்பக்கமாகச் சரிந்தது. யன்னலுக்குள் ஆறு மேலே ஏறி வந்தது. அடுத்த வளைவில் ஆறு எங்கோ போய் வானம் மட்டும் நின்றது. மூன்றாவது வளைவில், தின்ற முறுக்கும் தின்னாத முறுக்கும் தொண்டைக்கு வந்துவிட்டன. கிறீன்லைன் பஸ்ஸில் வவுனியா வரைக்கும் நின்றுகொண்டு போன உடம்பு என்று எனக்கொரு பெருமை இருந்தது. அது அங்கேயே முடிந்தது. மகள் ஓடிப்போய், கை கழுவும் இடத்தில் பயணிகளுக்கென்று வைத்திருந்த கடதாசிப் பை ஒன்றை எடுத்து வந்து என் வாய்க்கு நேரே பிடித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் பார்க்காதது போல இருந்தார்கள். நல்ல சனங்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தப் பையைச் சரியாகப் பார்த்தேன். 

"அவர் பொய் சொல்லேல்லை" என்றேன்.

"ஆரம்மா?"

மகளுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று விளங்கவில்லை. மூன்று வயதில் அவருடைய மடியில் இருந்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்பத்துமூன்றாம் வருடத் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்தில், ரயில் பாதையைப் பராமரிக்கும் பகுதியின் கந்தோரில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். இருபத்தொரு வயது. சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவேன். கந்தோருக்குப் பின்னால் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடக்குமே, அந்தக் கட்டைகள். கறையான் அரிக்காமலிருக்க அவற்றுக்கு ஒரு கறுப்பு எண்ணெய் ஊற்றியிருக்கும். வெயில் ஏற ஏற அந்த மணம் யன்னலால் வந்து மேசையில், கடதாசியில், என் பின்னலில் எல்லாம் ஏறிவிடும். வீட்டுக்குப் போனால் அம்மா, "குளிச்சிட்டு உள்ளுக்கு வா, கோச்சி மணக்குது" என்பா.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நேசதுரை ஐயா. பாதை இன்ஸ்பெக்டர். நாற்பது வயதைத் தொட்டிருப்பார். மெலிந்த ஆள், எப்போதும் வெள்ளைச் சேட்டு. யாழ்ப்பாணத்திலேயே கொழும்புத்துறையில் தாயோடு இருந்தார், கலியாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பாட்டுப் படிப்பவர், மற்ற ஆறு நாளும் அளந்துதான் கதைப்பார். வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்திப் போடவேண்டும், இல்லாவிட்டால் வேகமாக வரும் கோச்சி வெளியே தள்ளுப்படும். அந்த உயரத்தில் நூல் பிசகினாலும் பாதை வேலையாட்களின் கங்காணி காசிப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும், ஏனென்றால் ஐயா ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

அந்த வருடம் அவரை மூன்று மாதப் பயிற்சிக்கு யப்பானுக்கு அனுப்பினார்கள். அவருடைய விண்ணப்பத்தைத் தட்டெழுதியது நான்தான். யப்பான் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அவர் திருத்தித் தந்தார். அங்கிருந்து ஒரு தபாலட்டை வந்தது. யூலைக் கடைசியில் வருகிறேன், தம்பி விமான நிலையத்துக்கு வருவான், இரண்டு நாள் அவனோடு கொழும்பில் நின்றுவிட்டு வருவேன் என்று எழுதியிருந்தார். தம்பி அங்கே ஒரு கம்பனியில் கணக்காளர் என்று எங்களுக்குத் தெரியும்.

யூலைக் கடைசியில் கொழும்பில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழர் வீடுகளை எரித்தார்கள், ஆட்களை அடித்தார்கள், கொன்றார்கள். தப்பியவர்களைக் கப்பலில் ஏற்றி காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். நானும் காசிப்பிள்ளைக் கங்காணியும் துறைமுகத்துக்குப் போனோம். சரக்குக் கப்பலிலிருந்து சனம் இறங்கி வந்துகொண்டிருந்தது. உடுத்த உடுப்போடு, சப்பாத்தில்லாமல், சிலர் போர்வையைச் சுற்றிக்கொண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். ஒருவரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இறங்குகிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள், ஆனால் எங்களைக் காணவில்லை.

அவரை நான் இரண்டு தரம் கடந்து போயிருக்கிறேன். மூன்றாம் தரம் அவர்தான் "பிள்ளை" என்று கூப்பிட்டார். யாரோ கட்டக் கொடுத்த சாரம், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சேட்டுப் பொக்கற்றில் நாலாக மடித்த ஒரு கடதாசி.

கங்காணி அவருடைய இரண்டு தோளையும் பிடித்தார். "ஐயா, தம்பியார் எங்கை?"

"தம்பி வரேல்லை."

அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ அவசரமான செய்தி சொல்வது போலச் சொன்னார்: "பிள்ளை, அங்கை கோச்சி சரியுது. வளைவிலை உள்பக்கமாச் சரிஞ்சு ஓடுது. சனத்துக்கு வயித்தைப் பிரட்டும் எண்டு இந்தப் பையைக் குடுக்கினம்." பொக்கற்றிலிருந்த கடதாசியை எடுத்து விரித்துக் காட்டினார். வெறும் கடதாசிப் பைதான்.

நானும் கங்காணியும் ஒருவரையொருவர் பார்த்தோம். தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பிடித்தபடி, கோச்சி எப்படிச் சரியும் என்பதையே சொல்லிக்கொண்டு நின்றார். தேத்தண்ணி அவருடைய விரலில் வழிந்தது. சுட்டிருக்கும்.

தம்பி கலவரத்தில் செத்துவிட்டார் என்பது சில நாளில் எங்களுக்குத் தெரியவந்தது. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஓகஸ்டில் அப்படிக் கேட்கக்கூடாத வீடுகள் எங்கள் ஊர்களில் நிறைய இருந்தன.

அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அளந்து கதைத்த மனிதர் போய்விட்டார். காலை வந்தால் கோச்சி, தேத்தண்ணி நேரம் கோச்சி, கோப்பைத் திறந்தால் கோச்சி. "மோட்டச் சைக்கிள்காரன் வளைவிலை என்ன செய்யிறான்? உள்ளுக்குச் சரியிறான். அதே மாதிரித்தான் பிள்ளை. கோச்சிப் பெட்டி உருளையளுக்கு மேலை இருக்கு. ஒருத்தரும் சரிக்கிறேல்லை, தன்ரை பாட்டிலை சரியும். ஆனா ஒரு கணம் பிந்தித்தான் சரியும். அந்தக் கணத்திலைதான் வயித்தைப் பிரட்டுறது." கதிரையில் இருந்தபடி தானே சரிந்து காட்டுவார். எத்தனை பாகை சரியும், எந்த வருடம் எந்தப் பாதையில் முதலில் விட்டார்கள், மலைப்பாதையில் எவ்வளவு நேரம் மிச்சம் பிடித்தது, எல்லாம் சொல்வார். முதல் வருடம் நாங்கள் பரிதாபத்தோடு கேட்டோம். இரண்டாவது வருடம் பொறுமையோடு. மூன்றாவது வருடம் சிரிக்கத் தொடங்கிவிட்டோம்.

கங்காணி முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு சொல்வார்: "ஐயா, எங்கடை கோச்சி சரிஞ்சா நாங்கள் கிறேன் எல்லோ கொண்டு போறனாங்கள்."

'சரிஞ்ச கோச்சி' என்று அவருக்குப் பட்டம் வைத்தது யார் என்று கேட்டால், நான்தான். நல்ல பட்டம் என்று எனக்குப் பெருமையும் இருந்தது. ஸ்டேசன் முழுக்க அது பரவிவிட்டது. அவர் வரும்போது ரிக்கற் கொடுக்கும் பொடியன்கள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதைவிட ஒரு வேலையும் எனக்கு இருந்தது. யப்பானில் எழுதிய குறிப்புகளெல்லாம் கொழும்பில் தொலைந்துவிட்டன என்று, அவற்றை ஞாபகத்திலிருந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார். "இதை ஒருக்கா அடிச்சுத் தாறியே பிள்ளை?" ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு பக்கம். அடுத்த கிழமை அதே இரண்டு பக்கத்தைத் திருத்தி மறுபடி கொண்டு வருவார். "உருளையின்ரை படம் சரியா வரேல்லை. துலைஞ்ச பெட்டியிலை இருந்த படத்திலை வேறை மாதிரி." நான் பெருமூச்சு விட்டு, அவருக்குக் கேட்கும்படி சத்தமாக அடிப்பேன். மின்சாரக் கோச்சியைப் பற்றி, டீசலே ஒழுங்காக வராத ஊரில், இத்தனை பக்கம் யாருக்கு என்று மனதுக்குள் திட்டுவேன். எண்பத்தேழில் அவருடைய தாய் இறந்தா. செத்தவீட்டுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் இரண்டு பக்கம் வந்தது.

அதற்கு முந்திய வருடம் எனக்குக் கலியாணம் நடந்து, ஐயாவின் தாய் இறந்த அதே வருடத்தில் மகள் பிறந்து, கணவர் சவூதிக்குப் போய்விட்டார். தொண்ணூறாம் வருட நடுப்பகுதியில் மறுபடி சண்டை தொடங்கியது. கொழும்புக்குப் போன கோச்சி திரும்பி வரவில்லை. நாளைக்கு வரும் என்று இரண்டு மாதம் கந்தோரைத் திறந்து வைத்திருந்தோம். மின்சாரம் நின்றது. பிறகு குண்டு விழத் தொடங்க, சனம் பங்கர் வெட்டத் தொடங்கியது. நிலத்துக்குக் கீழே குழி வெட்டினால் மேலே மூட வேண்டுமே. பனங்குற்றி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பாதையில் சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் சும்மா கிடந்தன.

அதை முதலில் கண்ட நாளை நான் மறக்கவில்லை. கோண்டாவிலுக்குக் கிட்ட, நடுப்பகல், ஐம்பது அறுபது பேர் ஆணி கழற்றிக்கொண்டிருந்தார்கள். அலவாங்கு வைத்து நெம்புகிற சத்தம்.  நான் அந்தப் பாதையைப் பற்றி ஏழு வருடம் தட்டெழுதியவள். அத்தனை கடதாசியும் ஒரு மத்தியானத்தில் மாட்டுவண்டியில் ஏறிப் போகிறது. சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தால், ஆட்களுக்கு நடுவே வெள்ளைச் சேட்டோடு நேசதுரை ஐயா நின்றார். பக்கத்தில் காசிப்பிள்ளைக் கங்காணி, கையில் ஆணி பிடுங்கும் கம்பி.

"ஐயா, நீங்களுமோ?" என்றேன்.

"எடுக்கத்தான் போயினம் பிள்ளை. அலவாங்காலை அடிச்சுக் கட்டையைப் பிளந்து போட்டா, பங்கர் தாங்காது. ஆள் சாகும். எடுக்கிறதை ஒழுங்கா எடுக்கட்டும்." ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து, உள்ளே உக்காததற்குச் சோக்கால் கோடு போட்டுக்கொண்டு போனார். ஓரிடத்தில் மட்டும் குனியவில்லை. "வளைவிலை இப்ப கை வைக்காதையுங்கோ" என்று கூட்டத்துக்குச் சொன்னார். "கடைசியா எடுங்கோ."

சொன்னபடி கேட்டார்கள். வளைவு மட்டும் இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பதினாறு கட்டை தெரிந்தெடுத்து வண்டியில் ஏற்றிவிட்டார். அடுத்த கிழமை, மூடினது சரியா என்று பார்க்கக் கொழும்புத்துறையிலிருந்து சண்டிலிப்பாய்க்கு சைக்கிளில் வந்தார். காலை பத்து மணியிருக்கும். அம்மா தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தா. பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. நாலு பேரும் பங்கருக்குள் இறங்கினோம்.

உள்ளே அந்தக் கறுப்பெண்ணெய் மணம். தலைக்கு மேலே பாதை. நாங்கள் பாதைக்குக் கீழே. முதல் குண்டு மானிப்பாய்ப் பக்கம் விழுந்திருக்க வேண்டும், மண் பொலபொலவென்று கழுத்துக்குள் கொட்டியது. மகள் வீரிட்டாள். ஐயா அவளை வாங்கி மடியில் இருத்தி, "அங்கை ஒரு கோச்சி இருக்கு. வளைவு வந்தா இப்பிடிச் சரியும்" என்று அவளைப் பிடித்து ஒரு பக்கம் சரித்தார். பிறகு மற்றப் பக்கம். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். இரண்டாவது குண்டு கிட்ட விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. ஐந்து பாகை, உருளை, முதலில் விட்ட வருடம், சொல்லிக்கொண்டே போனார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அம்மா தேவாரம் முணுமுணுத்தா. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"ஐயா, சாகப்போற நேரத்திலையாவது உந்தக் கோச்சிக் கதையை விடுங்கோ" என்று கத்தினேன்.

அவர் நிறுத்தினார். விமானம் வட்டமடிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. இருட்டில் முகம் தெரியவில்லை. பிறகு கதைக்கத் தொடங்கினார், முந்தி அளந்து கதைத்த அந்தக் குரலில்.

"கொழும்பிலை அண்டைக்கு அவங்கள் அடிக்க வரக்குள்ளை நானும் தம்பியும் பின் மதிலாலை குதிச்சுப் பக்கத்து வளவுக்கை போயிட்டம். சிங்களச் சனத்தின்ரை வீடு. அந்த வீட்டு அம்மா எங்களைக் கோழிக்கூட்டுக்குப் பின்னாலை இருத்தி, சாக்காலை மூடினவ. நாங்கள் தப்பீட்டம் பிள்ளை. ரெண்டு பேரும் தப்பீட்டம்."

"பிறகு?"

"எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. யப்பானாலை கொண்டந்த பெட்டி. கோச்சியின்ரை படம், குறிப்பு, மூண்டு மாசமா எழுதினது எல்லாம் அதுக்கை. ஐயோ பெட்டி அறைக்கை கிடக்கெண்டு சொன்னனான். ஒருக்காத்தான் சொன்னனான். போய் எடு எண்டு சொல்லேல்லை. அவன் உடனை எழும்பீட்டான். கையைப் பிடிச்சு நிப்பாட்டியிருக்கலாம். எடுத்துக்கொண்டு வந்திடுவான் எண்டு நானும் நினைச்சன்."

மூன்றாவது குண்டு தூரத்தில் விழுந்தது.

"கொண்டந்திட்டான் பிள்ளை. மதில் வரைக்கும் கொண்டந்திட்டான். பெட்டியை என்ரை பக்கம் போடப் பாத்தவன். அதுக்குள்ளை பின்னாலை வந்திட்டாங்கள். நான் சாக்குக்குள்ளாலை பாத்துக்கொண்டிருந்தனான். எழும்பேல்லை. என்ரை அம்மாவுக்கும் இதைச் சொல்லேல்லை."

 என் அம்மாவின் தேவாரம் நின்றுவிட்டது. ஏழு வருடம். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பக்கம். அந்தப் பெட்டிக்குள் இருந்ததை அவர் எனக்கு முன்னால் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், நான் சத்தமாக அடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டிருக்கிறேன். பட்டம் வைத்திருக்கிறேன். பொடியன்கள் சாய்ந்து நின்றபோது முதலில் சிரித்தவள் நான்.

மகள்தான் கதைத்தாள். "பிறகு, மாமா? பிறகு கோச்சி எந்தப் பக்கம் சரிஞ்சது?"

 அவர் அவளை மெல்லத் தூக்கி என் மடியில் தந்தார்.

அன்றைக்குப் பிறகு அவர் அந்தக் கோச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நானாக ஒருநாள், "உருளையின்ரை படம் சரியா வந்ததே ஐயா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அது ஏன் பிள்ளை இப்ப" என்றுவிட்டார். வெள்ளிக்கிழமைகள் சும்மா போயின. எழுதுவதை நிறுத்திய பிறகு அவர் வேகமாகக் கிழண்டுபோனார். அந்த ஒரு வாக்கியத்தை நான் கத்தாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிப்பேன். கத்தியதால் பாரம் இறங்கியது என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. நான் பார்த்தது அப்படியில்லை. பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றை அவருடைய கையிலிருந்து பறித்துவிட்டேன்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் கடைசியில் இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள். மழை. பெரிய தெருவில் காலடி வைக்க இடமில்லாமல் சனம். நாங்கள் ஒழுங்கைகளால் சுற்றி, விடிந்து கொஞ்ச நேரத்தில் கொழும்புத்துறைப் பக்கம் வந்து சேர்ந்தோம். அவர் தன் வீட்டுப் படலையில் நின்றார். நான் சைக்கிளின் பின்னால் ஒரு சூட்கேசைக் கட்டியிருந்தேன். காணி உறுதி, சேர்டிபிக்கற், அம்மாவின் கூறைச்சேலை. அதன் கனத்தில் சைக்கிள் சேற்றில் நகர மறுத்தது.

அவர் வந்து கயிற்றை அவிழ்த்தார். சூட்கேசை எடுத்துத் தன் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து, மகளைத் தூக்கிச் சைக்கிளில் இருத்தினார்.

"பெட்டியை விடு. பிள்ளையைக் கொண்டு போ."

"நீங்களும் வாங்கோ ஐயா."

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. வீட்டைப் பூட்டிப்போட்டு வாறன்."

ஊருக்கு வெளியே போகிற பாலத்தில் காத்திருந்தோம். இடம்பெயர்ந்த சனம் தங்கிய கொடிகாமத்தில் தேடினோம். அவர் வரவில்லை. அடுத்த சித்திரையில் நாங்கள் திரும்பியபோது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, ஒருவரும் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வன்னிக்குப் போனார் என்றார்கள், கடலால் போனார் என்றார்கள். காசிப்பிள்ளைக் கங்காணி சாகும் வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு மறுபடி கோச்சி ஓடுகிறது. கொங்கிரீட் சிலிப்பர், மணமில்லை. எங்கள் பங்கரை மூடி வாழை வைத்தாயிற்று. கந்தோர் இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

யப்பானிலிருந்து திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் பாட்டுப் படித்த சேர்ச்சுக்குப் போனேன். செருப்பை எங்கே கழற்றுவது என்றுகூடத் தெரியாமல் வாசலில் தடுமாறினேன், கழற்றத் தேவையில்லை என்றார்கள். இறந்தவர்களுக்காகச் செய்யும் செபத்தில் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும் என்று பாதிரியாரிடம் சொன்னேன். இளம் பாதிரியார். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "பேரைச் சொல்லுங்கோ அம்மா" என்றார்.

"நேசதுரை."

எழுதினார். "மற்றவர்?"

"அவருடைய தம்பி."

"ஓம் அம்மா, தம்பியின்ரை பேர்?"

 பங்கருக்குள் அவர் தம்பி என்றுதான் சொன்னார். துறைமுகத்தில் கங்காணியும் தம்பியார் என்றுதான் கேட்டார். பன்னிரண்டு வருடம் பழகியிருக்கிறேன். ஒருநாளும் நான் கேட்கவில்லை.